இரு மொழிகள், ஒரு மேடை: மாங்டன் நகரின் கலை ஆண்டு



கனடாவின் கிழக்கு ஓரத்தில், அட்லாண்டிக் கடற்கரை மாகாணங்களுள் ஒன்றான நியூ பிரன்சுவிக்கில் அமைந்துள்ள மாங்டன், 2021ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி 79,470 பேர் வாழும் சிறு நகரம். அவர்களுள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினருக்குத் தாய்மொழி பிரெஞ்சு, எஞ்சியோரில் மிகப் பெரும்பாலோர் ஆங்கிலம் பேசுபவர்கள். மக்கள்தொகையில் இவ்வளவு சிறிய நகருக்கு அதன் கலை நாட்காட்டி வியக்கத்தக்க அளவு நிறைந்திருக்கிறது. பனி இறுகிக் கிடக்கும் பிப்ரவரியிலேயே இரு மொழிகளிலும் நகைச்சுவை விழா நடைபெறுகிறது. ஏப்ரல் இறுதியில் ஃப்ரை இலக்கிய விழா எழுத்தாளர்களை வரவழைக்கிறது. கோடையில் நகரின் வெற்றுச் சுவர்களில் ஓவியர்கள் பெரும் சித்திரங்களைத் தீட்டுகின்றனர். ஆகஸ்ட் 15 அன்று, பிரெஞ்சு பேசும் அக்காடியர்களின் தேசிய நாள் தெருவெங்கும் ஆரவாரத்தோடு கொண்டாடப்படுகிறது. நவம்பரில் பிரெஞ்சு மொழித் திரைப்பட விழாவும் ஆண்டின் இறுதியில் பாலே நடனமும் வருகின்றன.

வரவிருக்கும் விழாக்களை நாள் வாரியாக அறிவித்துவிட்டு அமர்வது எளிது. ஆனால் இந்த நாட்காட்டி தானாக அமைந்ததன்று என்பதும், தெருவில் பிரெஞ்சு பேசுவதையே ஒரு காலத்தில் பொறுக்காத நகரில் இது உருவானது என்பதும், இருமொழி நகரங்களில் கலைவிழா நடத்த விரும்புவோர் அனைவரும் கருத்தில் கொள்ள வேண்டியவை. சிறுபான்மை மொழி முதலில் தனக்கென்று ஓர் அரங்கையும் ஒரு பதிப்பகத்தையும் ஒரு திரைப்பட விழாவையும் அமைத்துக்கொண்ட பிறகே, பெரும்பான்மை மொழியோடு ஒரே மேடையில் தலைநிமிர்ந்து அமர முடிந்தது என்பதே மாங்டனின் வரலாறு காட்டும் உண்மை.

அந்த வரலாறு மிக்மாக் என்னும் தொல்குடியினரின் நிலத்தில் தொடங்குகிறது. பெட்டிகோடியாக் என்னும் ஆற்றின் வளைவில் அவர்கள் வாழ்ந்த பகுதிக்குப் பின்னர் வந்து வேளாண்மை செய்தவர்கள் அக்காடியர்கள்; அதாவது, 17ஆம் நூற்றாண்டில் பிரான்சிலிருந்து வந்து, ஃபண்டி வளைகுடாவின் உயர்ந்த ஓதங்களை மண்ணணைகளால் தடுத்து, உப்புச் சதுப்புகளை விளைநிலமாக்கிய மக்கள். 1713இல் அவர்கள் வாழ்ந்த அக்காடியாவின் பெரும்பகுதி பிரிட்டனின் கைக்குச் சென்றபோது, நிபந்தனையற்ற விசுவாச உறுதிமொழியை அவர்கள் எடுக்க மறுத்தனர். அதன் விளைவாக 1755 தொடங்கிச் சில ஆண்டுகளில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் வீடும் நிலமும் பறிக்கப்பட்டுக் கப்பலேற்றப்பட்டனர். அக்காடியர் வரலாற்றில் ‘பெரும் வெளியேற்றம்’ எனப்படும் இந்நிகழ்ச்சியில், போசெஜூர் கோட்டையைக் கைப்பற்றி அப்பகுதி மக்களை அகற்றும் பணியை மேற்பார்வையிட்ட படைத்தலைவர் ராபர்ட் மாங்டன் என்பவர். இன்றைய நகரம் தாங்கி நிற்பது அவருடைய பெயரைத்தான். வெளியேற்றப்பட்டவர்களின் வழித்தோன்றல்கள் தங்கள் முகவரியில் நாள்தோறும் அவர் பெயரை எழுத வேண்டியிருக்கிறது என்ற செய்தியை மனத்தில் வைத்துக்கொண்டால்தான், அந்நகரில் ஒரு பிரெஞ்சுப் பாடல் மேடையேறுவதன் பொருள் முழுமையாக விளங்கும்.

கப்பல் கட்டும் தொழிலால் எழுந்து, அத்தொழில் வீழ்ந்ததும் 1862இல் நகராட்சித் தகுதியையே இழந்து, இருப்புப்பாதையின் வருகையால் 1875இல் அதை மீட்டுக்கொண்ட ஊர் மாங்டன். ‘மீண்டும் எழுகிறேன்’ என்னும் பொருளுடைய லத்தீன் சொல்லை அது தன் குறிக்கோளாக ஏற்றதும் அதனால்தான். ரயில் பணிமனைகளுக்கும் கடைகளுக்கும் வேலை தேடிச் சுற்றுப்புறக் கிராமங்களிலிருந்து வந்த அக்காடியர்கள், வீட்டில் பிரெஞ்சும் வேலையிடத்தில் ஆங்கிலமுமாகப் பல தலைமுறைகள் வாழ்ந்தனர்.

திருப்பம் கல்வியிலிருந்து வந்தது. 1963இல் மாங்டன் பல்கலைக்கழகம் பிரெஞ்சு மொழிப் பல்கலைக்கழகமாக நிறுவப்பட்டது. ஐந்தே ஆண்டுகளில், 1968 பிப்ரவரியில், அதன் மாணவர்கள் நகர மன்றத்துக்கு ஊர்வலமாகச் சென்று, நகராட்சியின் சேவைகள் இரு மொழிகளிலும் வேண்டுமென்று கேட்டனர். அப்போதைய மேயர் லெனர்ட் ஜோன்ஸ் அக்கோரிக்கையை ஏற்க மறுத்ததோடு, கேட்டவர்களை மன்றத்திலேயே அவமதித்தார். மிஷேல் பிரோல்ட், பியேர் பெரோல்ட் என்னும் இரு ஆவணப்பட இயக்குநர்கள் அம்மாணவர் போராட்டத்தைப் படம்பிடித்து 1971இல் வெளியிட்ட படம், ஒரு சமூகம் தன் மொழிக்காகக் குரல் எழுப்பக் கற்றுக்கொள்வதைக் காட்டும் அரிய சான்றாகும். 1969இல், அம்மாகாணத்தின் முதல்வராகத் தேர்தலில் வென்ற முதல் அக்காடியரான லூயி ரோபிஷோவின் ஆட்சியில், ஆங்கிலத்துக்கும் பிரெஞ்சுக்கும் சம தகுதி அளிக்கும் ஆட்சிமொழிச் சட்டம் நிறைவேறியது. ஆனால் மாங்டன் நகராட்சி தன்னை இருமொழி நகரமென்று அறிவித்துக்கொண்டது 2002இல்தான்.

சட்டத்துக்கும் அறிவிப்புக்கும் இடைப்பட்ட முப்பத்து மூன்று ஆண்டுகளில் நடந்தவை பெரும்பாலும் கலையின் பணிகளே. 1971இல் அந்தோனின் மாயே எழுதிய ‘லா சாகுவின்’ மேடைக்கு வந்தது. வீடுகளில் தரை துடைத்துப் பிழைக்கும் ஒரு முதிய பெண்மணி, தன் ஊரின் பேச்சுமொழியில் தனியாக நின்று தன் வாழ்வை எடுத்துரைக்கும் ஒருவர் நாடகங்களின் தொகுப்பு அது. அதுவரை படிக்காதோர் மொழி என்று ஒதுக்கப்பட்ட அக்காடிய வழக்கை, நடிகை வியோலா லெஜே அரங்கின் நடுவில் நிறுத்திப் பல்லாண்டுகள் பேசிக்காட்டினார். அதே மாயே 1979இல், நாடு கடத்தப்பட்ட அக்காடியர்கள் மாட்டுவண்டியில் தம் மண்ணுக்குத் திரும்பும் பயணத்தைச் சொல்லும் புதினத்துக்காக, பிரெஞ்சு இலக்கிய உலகின் உயர்ந்த விருதான கோங்கூர் பரிசைப் பெற்றார். கனடியர் ஒருவருக்கு அப்பரிசு கிடைத்தது அதுவே முதல் முறை. 1972இல் ‘எடிசியோன் தாக்காடி’ என்னும் பதிப்பகம் மாங்டனில் தொடங்கி, ரேமோன் கீ லெப்லான் என்னும் இளங்கவிஞரின் தொகுப்பை முதல் நூலாக வெளியிட்டது. ஓவியராகவும் கவிஞராகவும் நாடக ஆசிரியராகவும் விளங்கிய ஹெர்மெனெஜில்ட் ஷியாசோனின் முதல் கவிதை நூல் 1974இல் அங்கிருந்தே வந்தது. அவர் பின்னாளில், 2003 முதல் 2009 வரை, மாகாணத்தின் துணை ஆளுநராகவும் இருந்தார். அப்பதிப்பகம் 2000இல் மூடப்பட்டது பேரிழப்பேயாயினும், 1980இல் தோன்றிய ‘பெர்ஸ்-நேஜ்’ பதிப்பகம் அப்பணியைத் தொடர்ந்து செய்துவருகிறது.

நாடகத்துக்கு 1970களின் பிற்பகுதியில் ‘லெஸ்காவுவெத்’ நாடகக் குழு உருவானது. பல்கலைக்கழகத்தில் நாடகம் பயின்ற இளைஞர்கள் தொடங்கிய இக்குழு, உள்ளூர் எழுத்தாளர்களை நாடகம் எழுதத் தூண்டி, அவற்றை உள்ளூர் மக்களின் முன் நடித்துக்காட்டியது. அபெர்டீன் பண்பாட்டு மையம் முன்பு பள்ளியாக இருந்த ஒரு கட்டடத்தில் அமைந்து, 1977இல் கலைஞர்களே தொடங்கி நடத்திவரும் ‘பெயரற்ற காட்சிக்கூடம்’ போன்ற அமைப்புகளுக்கு இடமளித்தது. ஓவியர் கூடத்துக்கு அடுத்த அறையில் பதிப்பாளரும், மாடிப்படியில் நடனக்காரரும் நாடகக்காரரும் எதிர்ப்படும் இத்தகைய ஓர் இடம், மானியங்களும் விருதுகளும் செய்ய முடியாத வேலையைச் செய்கிறது; கலைஞர்கள் ஒருவரையொருவர் அறிகின்றனர், அவர்களிடையே பிரெஞ்சு நாள் முழுவதும் இயல்பாகப் புழங்குகிறது. 1987 முதல் நடந்துவரும் ‘அக்காடியாவின் பன்னாட்டு பிரெஞ்சு மொழித் திரைப்பட விழா’, ஹாலிவுட் படங்கள் நிறைந்த திரையரங்குகளுக்கு நடுவே பிரான்சு, கியூபெக், பெல்ஜியம், ஆப்பிரிக்க நாடுகள் ஆகியவற்றின் படங்களோடு அக்காடிய இளைஞர்களின் படங்களையும் காட்டி வருகிறது. தன் மொழியில் வாழ்க்கை நடக்கும் நாடுகள் உலகில் பல உண்டு என்பதை மாங்டனில் வளரும் ஒரு சிறுமி அங்கே திரையில் காண்கிறாள்.

இவையெல்லாம் ஒருமொழி அமைப்புகள் என்பதை அவையோர் கவனிக்க வேண்டும். இருமொழி நகரில் ஒருமொழி அரங்கு எதற்கு என்ற கேள்வி அடிக்கடி நல்லெண்ணத்தோடு எழுப்பப்படுகிறது. இரு மொழியினரும் கலந்திருக்கும் அறையில், பிரெஞ்சு பேசுவோர் பெரும்பாலும் ஆங்கிலமும் அறிந்திருக்க, ஆங்கிலம் பேசுவோரில் பலர் பிரெஞ்சு அறியாதிருப்பதால், மரியாதையின் பொருட்டே பேச்சு ஆங்கிலத்துக்கு மாறிவிடுகிறது. யாரும் தடை செய்யாமலேயே சிறிய மொழி அறையை விட்டு வெளியேறிவிடுகிறது. 1993இல் கனடிய அரசியல் சாசனத்தில் சேர்க்கப்பட்ட ஒரு பிரிவு, நியூ பிரன்சுவிக்கின் இரு மொழிச் சமூகங்களும் தத்தமக்குரிய தனித்த கல்வி நிறுவனங்களையும் பண்பாட்டு நிறுவனங்களையும் பெறும் உரிமையுடையவை என்று சொல்வது இந்த நடைமுறை உண்மையை அறிந்தே ஆகும்.

தனி வீடு அமைந்த பின்புதான் பொது முற்றம் சாத்தியமாயிற்று. அப்பொது முற்றத்துக்கு ஃப்ரை விழாவை விடச் சிறந்த சான்று இல்லை. 2000இல் தொடங்கிய இவ்விழா, நார்த்ராப் ஃப்ரை என்னும் திறனாய்வாளரின் பெயரால் நடத்தப்படுகிறது. 1912இல் கியூபெக்கின் ஷெர்புரூக்கில் பிறந்து, சிறுவனாக மாங்டனுக்கு வந்து, அபெர்டீன் உயர்நிலைப் பள்ளியில் படித்த ஃப்ரை, 1929இல் ஒரு தட்டச்சுப் போட்டிக்காக டொரொன்டோ சென்று, பின் அங்கேயே பயின்று, அங்கேயே பேராசிரியரானவர். 1957இல் வெளிவந்த ‘திறனாய்வின் உடற்கூறு’ என்னும் நூலில், ஒவ்வொரு படைப்பையும் தனித்து மதிப்பிடுவதோடு நின்றுவிடாமல், தொன்மங்களும் பருவங்களும் வகைமைகளும் பின்னிய ஒரே பெரும் அமைப்பின் உறுப்பாக அதைக் காண வேண்டும் என்று அவர் வாதிட்டார். தொன்மம் என்பது ஒரு சமூகம் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வரும் மூலக்கதை. எல்லா மொழிகளின் கதைகளுக்கும் அடியில் பொதுவான வடிவங்கள் ஓடுகின்றன என்று கருதிய ஒருவரின் பெயரில் இரு மொழி எழுத்தாளர்கள் கூடுவது மிகப் பொருத்தமானது. அவர் உட்கார்ந்து வாசிப்பது போன்ற வெண்கலச் சிலை, அவருடைய நூற்றாண்டையொட்டி நகரப் பொது நூலகத்தின் அருகில் வைக்கப்பட்டுள்ளது.

விழாவின் நிகழ்ச்சிகளில் சில ஆங்கிலத்தில் நடைபெறுகின்றன, சில பிரெஞ்சில், சில இரண்டிலும். மாயேயின் பெயரையும் ஃப்ரையின் பெயரையும் ஒன்றாக இணைத்து ஒரு சொற்பொழிவு வரிசை நிறுவப்பட்டதும், அச்சொற்பொழிவுகள் இரு மொழிகளிலும் ஒரே நூலாக அச்சிடப்பட்டதும் தனித்துச் சொல்லத்தக்கவை. டிரினிடாடில் இந்திய வம்சாவளிக் குடும்பத்தில் பிறந்து கனடாவில் குடியேறிய நாவலாசிரியர் நீல் பிசுந்தத், அர்ஜென்டினாவில் பிறந்து வாசிப்பின் வரலாற்றை எழுதிய அல்பெர்ட்டோ மாங்குவெல் போன்றோர் அவ்வரிசையில் பேசியுள்ளனர். ஆயினும் விழாவின் மிகச் சிறந்த பகுதி மாலை அரங்குகளில் நிகழ்வதன்று. எழுத்தாளர்கள் பகல் வேளையில் ஆங்கிலப் பள்ளிகளுக்கும் பிரெஞ்சுப் பள்ளிகளுக்கும் நேரில் சென்று மாணவர்களோடு உரையாடுவதே அதன் உயிர்நாடி. அந்த மாகாணத்தில் இரு மொழிப் பிள்ளைகளும் தனித்தனிப் பள்ளி அமைப்புகளில் பயில்வதால், இரு பக்கமும் ஒரே விழாவின் பெயரை அறிந்து வளர்வது சிறு செய்தியன்று.

சொல்லைச் சாராத கலைகளுக்கு இந்த மொழிச் சிக்கல் குறைவு. 1922இல் பல்சுவை நிகழ்ச்சிகளுக்காகத் திறக்கப்பட்டு, 1926இல் தீக்கிரையாகி, அதே ஆண்டில் மீண்டும் எழுப்பப்பட்டு, பின்னர் நெடுங்காலம் திரைப்படக் கொட்டகையாக இருந்து, 1993இல் பழைய சுவரோவியங்களோடு புதுப்பிக்கப்பட்ட கேபிடல் அரங்கமே நகரின் முதன்மை மேடை. ஏறத்தாழ 800 பேர் அமரக்கூடிய அந்த அரங்கில் நியூ பிரன்சுவிக் சிம்பொனி இசைக்குழு வாசிக்கிறது. உக்ரைனில் பிறந்த இகோர் டொப்ரோவோல்ஸ்கி கலை இயக்குநராக இருந்து 2001இல் மாங்டனில் உருவான அட்லாண்டிக் பாலே குழு ஆடுகிறது. அக்குழு அரச மாளிகைக் கதைகளோடு நின்றுவிடாமல், குடும்பத்துக்குள் பெண்கள் மீது நிகழும் வன்முறையைப் பொருளாகக் கொண்டு 2011இல் ஒரு முழுநீள நடனத்தை அரங்கேற்றியது பாராட்டத்தக்க துணிவு. அங்கே அருகருகே அமர்ந்திருக்கும் ஆங்கிலம் பேசும் குடும்பமும் அக்காடியக் குடும்பமும் இடைவேளையில் தத்தம் மொழியில் பேசிக்கொள்ளலாம். மேடை இருவருக்கும் ஒன்றையே சொல்கிறது. ஆனால் சொல்லற்ற கலைகளை மட்டும் முன்னிறுத்தி இருமொழி விழா என்று அழைத்துக்கொள்வது போதாது. அது மொழிச் சிக்கலைத் தவிர்க்கும் வழியே தவிர, தீர்க்கும் வழியாகாது.

இசையில் அச்சிக்கலை மாங்டன் துணிந்து எதிர்கொண்டது. அந்நகரத்து இளைஞர்களின் நாவில் ஷியாக் என்னும் ஒரு வழக்கு வாழ்கிறது. பழைய பிரெஞ்சுச் சொற்களோடும் பிரெஞ்சு இலக்கண அமைப்போடும் ஆங்கிலச் சொற்கள் கலந்த பேச்சு அது. ஆசிரியர்கள் அதைத் திருத்த முயன்றனர். தூய பிரெஞ்சை விரும்புவோர் அதைக் கண்டு வருந்தினர். கவிஞர் ஜெரால் லெப்லான் 1995இல் அதற்குப் புகழ்மாலையாகவே ஒரு கவிதை நூலை வெளியிட்டார். புதின ஆசிரியர் பிரான்ஸ் டேக்ல், மாங்டன் மக்களின் அப்பேச்சை ஆராய்ந்தும் பயன்படுத்தியும் எழுதிய பெரும் புதினத்துக்கு 2012இல் கனடாவின் தலைமை ஆளுநர் விருது கிடைத்தது. வெளியேற்றத்தின் ஆண்டையே பெயராகச் சூடி 1970களில் எழுந்த ‘1755’ இசைக்குழுவிலிருந்து, இன்றைய பாடகி லிசா லெப்லான், ‘ரேடியோ ரேடியோ’ குழு வரை, தம் ஊரின் பேச்சை மறைக்காமல் பாடியவர்களே மாகாணத்துக்கு வெளியிலும் பெயர் பெற்றனர். தூய்மை பற்றிய கவலை பொருளற்றதன்று; சிறுபான்மை மொழி கலப்பின் வழியே கரைந்துபோகக்கூடும் என்ற அச்சத்துக்கு உலகெங்கும் சான்றுகள் உண்டு. எனினும் இளைஞர்கள் பேசும் வழக்குக்கு மேடையை மறுக்கும் விழா, அவர்களை நேரே ஆங்கில மேடைக்கு அனுப்பிவைக்கிறது.

ஆகஸ்ட் 15ஆம் நாளின் சிறப்பும் இங்கே விளங்குகிறது. 1881இல் மெம்ராம்குக்கில் கூடிய அக்காடியர் மாநாடு, கன்னி மரியாளின் விண்ணேற்புத் திருநாளைத் தம் தேசிய நாளாகத் தேர்ந்தது. 1884இல் கூடிய அடுத்த மாநாடு, பிரெஞ்சு மூவண்ணத்தின் மேல் பொன்விண்மீன் பதித்த கொடியை ஏற்றது. ஆண்டுதோறும் ஆகஸ்ட் 15 அன்று மாலை குழந்தைகளும் முதியவர்களும் சட்டி, பானை, தகரம், ஊதுகுழல் என்று ஓசை எழுப்பக்கூடிய எதையும் எடுத்துக்கொண்டு தெருவில் இறங்குகின்றனர். ‘தெந்தமார்’ எனப்படும் இப்பேரொலி ஊர்வலத்துக்குக் கலைத்தேர்ச்சி தேவையில்லை. இன்னும் இங்கேதான் இருக்கிறோம் என்று அறிவிப்பதே அதன் நோக்கம். வெளியேற்றத்தின் இருநூறாம் ஆண்டான 1955இலேயே அத்தகைய ஒலி எழுப்பப்பட்டது; 1979க்குப் பின் அது ஆண்டுதோறும் நடக்கும் வழக்கமாகப் பரவியது. ஆகஸ்ட் 15ஐ ஒட்டிய நாட்களில் ஆற்றங்கரைப் பூங்காவில் நடைபெறும் ‘அக்காடி ராக்’ இசைவிழா, மாங்டன் கவிஞர் கீ ஆர்சனோ 1973இல் வெளியிட்ட கவிதை நூலின் பெயரையே கொண்டிருக்கிறது. கவிதை நூலொன்றின் பெயரால் ஒரு நகரம் தன் கோடை விழாவை அழைப்பது அங்கே கவிஞர்களுக்கு உள்ள இடத்தைக் காட்டும். 2005இல் ரோலிங் ஸ்டோன்ஸ் ராக் இசைக்குழுவின் நிகழ்ச்சிக்கு நகரின் அன்றைய மக்கள்தொகையையும் விஞ்சிய கூட்டம் திரண்டது உண்மையே. அத்தகைய பெருநிகழ்ச்சிகள் விடுதிகளுக்கு வருவாய் தரும், மறுநாள் ஊரை விட்டுப் போய்விடும்.

குறைகளும் உள்ளன. மிக்மாக் மக்களின் மொழியும் பாடலும் இந்த இருமொழி ஏற்பாட்டில் நெடுங்காலம் இடம் பெறவில்லை. இரண்டு மொழிகள் தமக்குள் செய்துகொண்ட ஒப்பந்தத்தில் மூன்றாவதாக நிற்பவர், அந்நிலத்தின் முதல் உரிமையாளராகவே இருந்தாலும், மறக்கப்படுகிறார். மாங்டன் பல்கலைக்கழகத்தின் பெயரை மாற்ற வேண்டும் என்ற கோரிக்கை அக்காடியர்களிடையே அண்மைக் காலத்தில் வலுவாக எழுந்தும் பெயர் மாறவில்லை. ஆப்பிரிக்காவிலிருந்தும் ஆசியாவிலிருந்தும் புதிதாகக் குடியேறும் மக்களின் இசையும் ஆடலும் பன்னாட்டு உணவு விழாவின் ஓரத்தில் அரை மணி நேரம் பெறுவதோடு நின்றுவிடக் கூடாது. அவர்களுள் பிரெஞ்சு அறிந்த ஆப்பிரிக்கர்கள் அக்காடிய மேடைக்கு வலிமை சேர்ப்பவர்கள் என்பதைத் திட்டமிடுவோர் உணர வேண்டும்.

இருமொழி நகரங்களில் விழா நடத்தும் அன்பர்கள் மாங்டனிலிருந்து எடுத்துக்கொள்ளத்தக்கவை செயலளவில் தெளிவானவை. நிகழ்ச்சி நிரலை இரு மொழிகளிலும் அச்சிடுவதற்கு முன், சிறிய மொழிக்கு எத்தனை முழு மாலைகள் ஒதுக்கப்பட்டுள்ளன என்று எண்ணிப் பாருங்கள். வரவேற்புரையில் இரண்டு வாக்கியம் மட்டும் அம்மொழியில் சொல்லிவிட்டு மற்றவற்றைப் பெரிய மொழியில் நடத்தாதீர்கள். நாடகத்துக்கு மேல்வரி மொழிபெயர்ப்பு, அதாவது மேடைக்கு மேலே திரையில் உரையாடல் ஓடும் ஏற்பாடு, செய்வதானால் சிறிய மொழி நாடகத்துக்குப் பெரிய மொழியில் செய்யுங்கள். அப்போதுதான் பெரிய மொழியினர் வருவர், நாடகமும் தன் மொழியை மாற்றிக்கொள்ள வேண்டியிராது. படிப்புக்கோ வேலைக்கோ மாங்டனுக்குச் செல்லவிருக்கும் தமிழ் இளைஞர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: ஆங்கிலம் தெரிந்திருப்பதே அங்கே போதும் என்று எண்ணி விடாதீர்கள். ஏப்ரலில் ஃப்ரை விழாவின் பிரெஞ்சு நிகழ்ச்சி ஒன்றுக்குச் செல்லுங்கள். ஆகஸ்ட் 15 அன்று கையில் ஒரு பாத்திரமும் கரண்டியும் எடுத்துக்கொண்டு ஊர்வலத்தில் சேருங்கள். நவம்பர் திரைப்பட விழாவுக்கு ஒரு நுழைவுச்சீட்டு வாங்குங்கள்.